எஸ்நாத் அம்மையாரும் யாரும் அழிக்காத அறிக்கைகளும்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, போதகர் அவர்களே, நம் மருந்துக் கிடங்கின் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் எஸ்நாத் அம்மையாரின் மகள் தெம்வா அவர்களே, உங்கள் முன் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கொள்முதல் பிரிவின் தலைவன் வைசன் கோண்ட்வே பேசுகிறேன்.

நம் கணினிப் பிரிவின் தலைவர் எஸ்நாத் கலூவா அம்மையாரை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறோம். நேற்று, அவர் உடல் வீட்டில் இருக்கும்போதே, அவருடைய கைப்பேசிக்கு ஓர் அழைப்பு போனது. "அம்மா, சர்வர் நகர மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க." எடுத்தவர் தெம்வா. "அம்மா இனிமே பாக்க மாட்டாங்க, அய்யா" என்றார். அந்த அழைப்பு என் அறையிலிருந்து போனது. பேசியது நான். பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்க மனம் வரவில்லை.

எல்லா ஊர் மருந்துக் கணக்கையும் வைத்திருக்கும் அந்தச் சர்வர் திணறினால் என்ன ஆகும்? கரோங்காவில் மலேரியா மருந்து தீர்ந்ததா, சிட்டிப்பாவில் தீர்ந்ததா என்று தெரியாது. லாரி கிளம்பாது. காய்ச்சலோடு வந்த குழந்தையை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவார்கள். அதற்காகத்தான் அம்மையார் ஓடினார். நாம் எதற்காக ஓடினோம்?

காலையில் சர்வரை நிறுத்தி மறுபடி இயக்குவோம். மதியத்துக்குள் மெமரி நிரம்பிவிடும். அம்மையார் சண்டை போட்டுக் கூடுதல் மெமரி வாங்கினார். அதுவும் நிரம்பியது. "நான் தப்பா நெனச்சிட்டேன்" என்று கூட்டத்திலேயே சொன்னார். அப்படிச் சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? பிறகு எது எவ்வளவு மெமரியைத் தின்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தின்றுகொண்டிருந்தது நம் கௌரவம். இருப்புக் கணக்கு ஒன்றுதான். ஆனால் பிரிவுத் தலைவருக்கொன்றாக, உச்சியில் அவரவர் பெயர் போட்ட தனித்தனி அறிக்கை. ஒவ்வொன்றும் அத்தனை ஆண்டுக் கணக்கையும் சுமந்துகொண்டு மெமரியில் உட்கார்ந்திருக்கிறது. காலமானவர்களின் அறிக்கைகளும் ஓடுகின்றன. பெரியவர் பெயரை அழிப்பது மரியாதை இல்லை என்று நாம் தொடவே இல்லை.

அவர் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? "பழைய தலைவரு கம்பலே அய்யாவ மண்ணுல வெச்சு ரெண்டு மழைக்காலம் போயிருச்சு. அவரு இன்னும் மணிக்கொருதரம் கணக்கு கேக்குறாரு. யாருக்குய்யா படிச்சுக் காட்டுறீங்க? எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு போதும்" என்றார்.

"அப்ப என் பேரு எங்க வரும்?" என்று கேட்டார் ஒருவர்.

"உங்க ரூம் கதவுல எழுதியிருக்கே, அது பத்தலையா?"

சிரித்தோம். சிரித்துவிட்டு அவரவர் அறிக்கையைக் கட்டிக்கொண்டு போனோம். கேட்டவரை நான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. கேட்காதவர்களும் அதையேதான் நினைத்தோம். கடைசியில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அவர் நம் சர்வரைத் தூக்கி நிறுத்தினார். ஊசி போட வந்த செவிலி அவர் கையிலிருந்து மடிக்கணினியைப் பிடுங்கி வைத்தாராம். அந்தச் செவிலிக்கு இருந்த இரக்கம் நமக்கு ஏன் இல்லாமல் போனது?

இயக்குநர் அவர்களே, ஓர் அறிவிப்பைச் செய்யும்படி என்னிடம் சொன்னீர்கள். அம்மையாரின் பெயரிலும் ஓர் அறிக்கை சர்வரில் என்றென்றும் ஓடும் என்ற அறிவிப்பு. மன்னியுங்கள், அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. எது அவரைப் படுக்கையிலும் தூங்கவிடவில்லையோ, அதையே அவருக்கு மாலையாகப் போடலாமா?

அவர் கேட்டது ஒரே பொது அறிக்கை. அதை நடத்திக் காட்டுவோம் என்று இந்த அவையில் உறுதி சொல்வோம். முதலில் நான். அம்மையாரின் பொறுப்பை ஏற்றிருக்கும் லும்பானி, மடிக்கணினி கையில் இருக்கிறதல்லவா? என் பெயரில் இருக்கும் அறிக்கையை இப்போதே அழியுங்கள். அனைவரும் பார்க்கட்டும்.

என்ன தயக்கம்? சத்தமாகவே சொல்லுங்கள்.

"அய்யா, உங்க பேர்ல நாலு இருக்கு. எதை அழிக்கட்டும்?"

நான்கா? ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

நான்கையும் அழியுங்கள், லும்பானி. அழித்துவிட்டு அடுத்த தலைவரின் பெயரைப் படியுங்கள்.