அண்ணையை எரிக்க விடவில்லை

ஓடுகிறோம். 1990, ஆனி மாதம். காங்கேசன்துறையிலிருந்து தெற்கே. அண்ணை சைக்கிள் கரியரில். நான் தள்ளுகிறேன். பின்னால் அண்ணையின் மனைவி, என் மச்சாள். அவள் கையில் மகன். வடக்கே 'டும்' என்று ஒரு சத்தம். ஆமி ஷெல் குத்திவிட்டான். இனிக் கூவிக்கொண்டு வரும்.

"படுங்கோ! படுங்கோ!"

படுத்தேன். மச்சாள் மகனுக்கு மேலே விழுந்து படுத்தாள். அண்ணையால் குனிய முடியாது. அவருடைய இடுப்பில் பழைய துப்பாக்கிச் சன்னம் ஒன்று இருக்கிறது. சைக்கிளோடு சரிந்தார். ஷெல் வேலிக்கு அப்பால் விழுந்தது. சிதறல் கழுத்தில் பட்டது. அண்ணை அந்த இடத்திலேயே முடிந்துபோனார்.

அளவெட்டியில் பெரியப்பாவின் காணி. பின்னேரம் அங்கே கொண்டுபோய்க் கிடத்தினோம். பெரியப்பா விறகு சேர்க்கத் தொடங்கினார். நான் குறுக்கே நின்றேன்.

"எரிக்க வேண்டாம். தாட்டுவிடுவம்."

"உனக்கென்ன விசரோ? சைவக் குடும்பத்திலை ஆரடி பிள்ளை புதைக்கிறது?"

விசர் இல்லை. புத்தி வந்திருந்தது. வரப் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

1985, மாசி. எங்கள் புகையிலைத் தோட்டம். காலை. ஐந்து பேர் தண்ணீர் இறைக்கிறார்கள். என் கணவர், அவருடைய தம்பிமார் இருவர், பக்கத்துத் தோட்டக்காரர், அண்ணை. "ஆமி! ஆமி! ஓடுங்கோ!" என்று வீதியில் கத்தியது அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. இறைக்கும் மெஷின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. வரம்பில் வரிசையாக இருத்தினார்கள். சுட்டார்கள். ஒவ்வொன்றாக. இடைவெளி விட்டு. சண்டை என்றால் அப்படிக் கேட்காது. நாலு பேர் செத்தார்கள். அண்ணை மற்றவர்களுக்குக் கீழே, வாய்க்காலுக்குள் கிடந்து, இடுப்பில் சன்னத்தோடு தப்பினார்.

அன்றைக்கே வானொலி சொன்னது. நாலு பயங்கரவாதிகள் பலி. அட கோதாரி! மண்வெட்டியோடு நின்ற மனிசர். என் கணவர் துவக்கைக் கிட்டப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பெயரை அவர்கள் மேலிருந்து எடுக்க வேண்டும், சுட்டவனைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்ற வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? முறைப்படி எல்லாம் செய்தோம். இரத்தம் போகக் கழுவினோம். குளிப்பாட்டினோம். ஓட்டை விழுந்த சட்டைகளையும் எரித்தோம். மறுநாள் சுடலை. முப்பத்தோராம் நாள் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம். ஒரு குறையும் வைக்கவில்லை.

பிறகு அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்தேன். ஓர் அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

"பிரேதத்தை டொக்டர் பாத்தவரோ?"

"இல்லை, ஐயா."

"பிரேதம் எங்கை?"

"எரிச்சாச்சு."

"எரிச்சுப்போட்டு வந்து சுட்டவங்கள் எண்டால், நான் எதை வைச்சு நம்பிறது?"

ஊரே பார்த்த காயங்கள். ஊர் பார்த்தது கணக்கில் இல்லையாம். எனக்குப் பற்றி எரிந்தது. வெளியே வாங்கில் குருநகர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய மகனைக் கடலில் சுட்டிருந்தார்கள். வேதக்காரர், மாதா கோயில் சேமக்காலையில் புதைத்திருந்தார்கள். "என்ரை பிள்ளை அங்கைதான் கிடக்கிறான், அக்கா. கேட்டால் கிண்டிக் காட்டுவன்" என்றாள். காட்டுவதற்கு அவளுக்கு ஒரு பிள்ளையாவது இருந்தான்.

எனக்கு அண்ணை மட்டும்தான். சன்னத்தை எடுத்தால் கால் வழங்காமல் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். "கிடக்கட்டும், தங்கச்சி. உன்ரை வழக்குக்கு நான்தான் அலுமாரி" என்று சிரிப்பார். நொண்டி நொண்டி என்னோடு எல்லா வாசலுக்கும் வந்தார். கடைசியில் கொழும்பில் ஓர் அப்புக்காத்து வழக்கெடுக்கச் சம்மதித்தார். "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சன்னம் எந்தத் துவக்கிலையிருந்து வந்ததெண்டு பாக்கலாம்." 1990 ஆனியில் வரச் சொன்னார். ரயிலுக்கு உடுப்பு அடுக்கினோம். அந்த ஆனியில்தான் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டு.

இப்போது சொல்லுங்கள். அண்ணையை எப்படி எரிக்க விடுவேன்?

மச்சாள் தலைவிரி கோலமாக என் முன்னால் வந்து நின்றாள். "குழந்தைப்பிள்ளையையும் சாமியாரையும் எல்லோ புதைக்கிறவை! என்ரை மனிசன் சாமியாரோ?"

"கொஞ்சக் காலம், மச்சாள். வழக்கு முடிய எடுத்து எரிப்பம்."

"எவ்வளவு காலம்?"

"சண்டை நிண்டவுடனை."

நம்பித்தான் சொன்னேன். சத்தியமாக நம்பினேன். மண்வெட்டியை நானே எடுத்தேன். எங்களில் பெண்கள் அந்த வேலைக்குக் கிட்டப் போவதில்லை. வெங்காயத் தறையின் மூலையில் வெட்டினேன். முழங்கால் ஆழம் வந்ததும் பெரியப்பா மண்வெட்டியைப் பறித்தார். "தள்ளு. உது காணாது. நாய் கிண்டும்" என்றார். மிச்சத்தை அவர் வெட்டினார். அண்ணையின் அடையாள அட்டையை ஒரு ஜாம் போத்தலில் போட்டேன். மூடியை மெழுகால் அடைத்து நெஞ்சின் மேல் வைத்தேன்.

சண்டை நிற்கவில்லை. மச்சாள் தினமும் அங்கே விளக்கு வைத்தாள். என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்புக்காத்து வெளிநாடு போய்விட்டாராம். 95இன் தொடக்கத்தில் சமாதானம் என்றார்கள். "இப்ப கிண்டுவம்" என்று மச்சாள் கேட்டாள். நீதவானும் டொக்டரும் நிற்காமல் நாங்களே கிண்டினால் செல்லாது என்றேன். கூட்டிவரப் போனேன். கந்தோர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். என்ன கண்டறியாத சமாதானம்! சில மாதத்தில் அதுவும் முடிந்தது.

1995, ஐப்பசி. ஆமி கிட்ட வந்துவிட்டது. ஒலிபெருக்கி அலறுகிறது. "வெளிக்கிடுங்கோ! எல்லாரும் வெளிக்கிடுங்கோ!" மழை. மச்சாள் வெங்காயத் தறையில் மண்வெட்டியோடு நிற்கிறாள். எலும்பையாவது கொண்டுபோகப் போகிறாளாம். ஷெல் கிட்டக் கிட்ட விழுகிறது. அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே வீதியில் நின்றது. ஓரடி எடுத்து வைக்க இடமில்லை.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தை. அங்கே ஒரு காலை மச்சாள் தர்ப்பைப்புல்லைக் கட்டி ஆள் உருவம் செய்தாள். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிற முறை அது.

"உங்களுக்கு உடம்பு வேணும். அது அங்கை கிடக்கு, வைச்சிருங்கோ" என்றாள். "எனக்கு நெருப்பு வேணும்."

மகன் கொள்ளி வைத்தான். ஈரப் புல். முதலில் புகைந்தது. பிறகு சட்டென்று எரிந்து முடிந்தது. நான் வாய்விட்டு அழுதேன். துக்கம் பாதி. ஆத்திரம் பாதி.

இப்போது என் தலை நரைத்துவிட்டது. காணி ஆமியின் முள்வேலிக்கு உள்ளே போய்விட்டது. இன்னும் வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இழந்தவற்றைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர். அவருடைய தம்பிமார் இருவர். பக்கத்துத் தோட்டக்காரர். இந்த நாலு பேரும் கீரிமலைக் கடலில். என் அண்ணை, புல்லாக எரிந்தவர், உடம்பு இன்னும் மண்ணுக்குள். பெரியப்பா, இடம்பெயர மறுத்துத் தங்கியவர், பிறகு தகவல் இல்லை. வீடு ஒன்று. தோட்டம் ஒன்று. மச்சாளின் வாயிலிருந்து எனக்கு வரும் நல்ல சொல்.

விசாரிக்கப்பட்டவர், ஒருவரும் இல்லை.