நல்ல தூக்கம்னு எழுதாதீய

அதுக்குள்ள எழுதிராதீய, நர்ஸம்மா. செத்த நில்லுங்க. நல்ல தூக்கம்னுதான எழுதப் போறீய? நேத்தும் அதத்தான் எழுதுனீய, முந்தாநாளும் அதத்தான் எழுதுனீய. பெரிய டாக்டரு அட்டையப் பாத்துட்டு, குற்றாலிங்கம் குடுத்துவச்சவரு, கால் ஒடிஞ்சும் கட்ட மாதிரி உறங்குதாருன்னு சிரிச்சிட்டுப் போறாரு.

நான் எங்க உறங்குனேன்?

சேச்சே, நீங்க பொய் எழுதல. பாத்துத்தான் எழுதுதீய. ஆனா எப்படிப் பாக்கீய? டார்ச்ச நேரா மூஞ்சியில அடிக்கீய. உறங்குதவன் முழிச்சிருவான், முழிச்சிருக்கவன் கண்ண மூடிருவான். நான் ரெண்டாவது ஆளு. மரியாதைக்கு மூடுதேன். வயசுப்பிள்ள, கால் கடுக்க நடந்து வருது, நம்ம முழிச்சுக் கெடந்தா மாத்திரை எடுக்க வேற ஓடணுமேன்னு மூடிக்கிடுவேன். நீங்களும் உறங்குதாருன்னு போயிருவீய.

சிரிக்காதீய, இன்னும் இருக்கு. இந்தா, பக்கத்துக் கட்டில்ல முகம்மது கனி அண்ணாச்சி. பொட்டுத் தூக்கம் இல்லம்மான்னு தெனமும் காலையில உங்ககிட்ட பிராது வைக்காரு. நீங்களும் அவரு அட்டையில தூக்கம் இல்லன்னு எழுதுதீய. அவரு விடுத கொறட்டையில என் கால்ல கட்டித் தொங்கவிட்ட மணல்மூட்டை ஆடுது! ஏன் அண்ணாச்சி மொறைக்கீய? உங்க மூக்குல ஒரு கொசு உக்காந்து சாவகாசமா குடிச்சிட்டுப் போச்சு, கை அசையலையே. அதுக்குப் பேருதான் உறக்கம். உறங்குன மனுசன் முழிச்சாருன்னு எழுத்து, முழிச்சவன் உறங்குனான்னு எழுத்து. நல்லா இருக்கு நம்ம ஆஸ்பத்திரி.

நானா? நான் என்ன படிச்சேன், அஞ்சாங்கிளாசோட சரி. களத்துல நெல்லளக்குத ஆளு. மரக்கால்ல நெல்ல ரொப்பி, தலையத் தடவி அளந்துபோட்டா ஒரு மணி கூடாது, கொறையாது. நெல்லு கண்ணு முன்னால குமிஞ்சு கெடக்கும், அளந்திரலாம். அடுத்தவன் உறக்கத்த எதால அளக்க?

செம்புச் சத்தமா? அது... யாரு சொன்னா உங்ககிட்ட? அண்ணாச்சியா? சொல்லியிருப்பாரு, அதுக்கு மட்டும் முழிப்பு வந்திரும்.

சரி, நான்தான். சுவர்ல செம்பால தட்டுனது நான்தான். ஆனா பாதிச் சத்தந்தான் எனக்கு. மீதி அந்தப் பக்கத்துக்காரிக்கு. பொம்பளையாளு வார்டுல, இந்தச் சுவர ஒட்டுன கட்டில்ல, என் வீட்டுக்காரி கெடக்கா. பண்பொழி மலைக்கோயிலுக்குப் போயிட்டு வரையில, சாரல் ஈரத்துல மாடு வழுக்கி வண்டி கவுந்துட்டு. எனக்குக் காலு, அவளுக்கு விலா. அதோட காய்ச்சலும் நெஞ்சுச்சளியும் சேந்துக்கிட்டு, வலியில கண்ண மூட முடியல அவளுக்கு. ஒரு உறக்கம் நல்லா உறங்கிட்டான்னா தேறிருவா, ஊசியவிட அதான் வேணும்னு டாக்டரு சொன்னாரு.

பேரா? அங்கன அட்டையில இருக்குமே... ஆவுடையம்மா. வெக்கம் என்ன வெக்கம், பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்ல, அவ்வளவுதான்.

அவ முழிச்சிருந்தா ஒரு தட்டு தட்டுவா. நான் ஒண்ணு திருப்பித் தட்டுவேன். அதான் எங்க பேச்சு. களத்துல மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் சொல்லுவோம். பெறகுதான் ரெண்டு, மூணு. அவ தட்டுதத அதே மாதிரி எண்ணிக்கிட்டே கெடப்பேன். விடியக்குள்ள ஒரு கோட்டை, இருபத்தொரு மரக்கால் நெல்லு அளந்த மாதிரி ஆயிரும். இந்த அளவு கொறையணுமே, கொறையணுமேன்னு வேண்டிக்கிட்டு அளந்தது என் ஆயுசுல இங்கனதான்.

நேத்து ராத்திரி லாபம் வந்தது. ரெண்டு வரல.

ஆமா, நல்லதுதான். நானும் அப்படித்தான் நெனச்சேன். டாக்டரு கேட்ட உறக்கம் வந்துட்டுன்னு. செம்பக் கையில பிடிச்சமானிக்கே கெடந்தேன். நம்ம ஒண்ணு தட்டிப் பாப்பமான்னு தோணுச்சு. தட்டுனா உங்க டார்ச்சு கததான், உறங்குதவள எழுப்பிருவேன். தட்டாம இருந்தேன். பெறகு பாத்தா, இருமலும் கேக்கல, நர்ஸம்மா. உறக்கமும் சத்தம் போடாது. மத்ததும் சத்தம் போடாது. சுவருக்கு இங்கிட்டு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. என் மரக்கால் அங்கன ஒடஞ்சிபோச்சு.

கேட்டா நீங்க என்ன சொல்லுவீயளோன்னுதான் கொசு, கொறட்டைன்னு இம்புட்டு நேரம் ஓட்டுனேன்.

ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்க. இந்த மூட்டை மட்டும் இல்லன்னா நானே தவந்தாவது போயிருவேன். டார்ச்சு வேண்டாம், விடிஞ்சிட்டுல்லா. தொடாதீய, பேரச் சொல்லிக் கூப்பிடாதீய. போர்வை ஏறி எறங்குதான்னு மட்டும் பாருங்க. எறங்குச்சுன்னா அங்கன நின்னே சுவர்ல விரலால மெதுவா ஒண்ணு தட்டுங்க. அவளுக்குக் கேக்காண்டாம். எனக்குக் கேட்டிரும்.

அட்டைய இங்கனயே வச்சிட்டுப் போங்க. திரும்பி வந்து டார்ச்சு அடிச்சுப் பாத்து எழுதிக்கோங்க. இந்தத் தடவ கண்ணு நெசமாவே மூடியிருக்கும்.