ஸ்டோர் ரூமுக்குள் பூ கூடாது

இல்ல பேபிம்மா, நீங்க மெதுவாவே கட்டுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மழை வேற விட்டு விட்டுப் பெய்யுது. சானடோரியம் ஸ்டேஷன் படியில உங்க குடைக்குக் கீழதான் ஒரு ஆள் நிக்க எடம் இருக்கு, என்னைத் துரத்திடாதீங்க. வீட்லயா? ம். நல்லா இருக்கா. நல்லாத்தான் இருக்கா.

மூஞ்சி வாடிக் கெடக்கா? ஆபீஸ்ல ஒரு பிரச்சனைம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு நான் ஒரு ரிப்போர்ட் குடுக்கணும். நான் என்ன எழுதறேனோ அத வெச்சு ஒரு பொம்பளைக்கு வேல இருக்குமா போயிடுமான்னு முடிவாயிடும். அதான்.

எந்த பேங்க்கா? சரியாப் போச்சு. இத்தன வருஷமா என்னை பேங்க்காரன்னா நெனச்சுட்டிருந்தீங்க? சட்டைய இன் பண்ணினவன் எல்லாம் பேங்க்காரனா? மியூசியம்மா. நுங்கம்பாக்கத்துல. கவர்மென்ட் இல்ல, பழைய பணக்காரக் குடும்பம் ஒண்ணு ட்ரஸ்ட் வெச்சு நடத்துது. போர்டு கூட வேப்ப மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுட்டிருக்கும். அங்க பூச்சி பாக்கறதுதான் என் வேல.

சிரிங்க சிரிங்க. எல்லாரும் சிரிப்பாங்க. எங்க உமேஷுக்குப் பொண்ணு பாக்கப் போனப்போ சம்பந்தி வீட்லயும் சிரிச்சாங்க. அவன் கம்ப்யூட்டர் கம்பெனி, சிறுசேரில. அப்பா பூச்சி. ஆனா நான் இல்லன்னா அந்த மியூசியத்துல பாதி இந்நேரம் பொடியா உதிர்ந்திருக்கும். மரத்துல ஒரு பூச்சி, பேப்பர்ல ஒரு பூச்சி, துணியில ஒண்ணு. மரச் சிலைக்கு அடியில மாவு மாதிரி கொட்டியிருந்தா, தொட்டுப் பாக்கணும். வெளுப்பா, புதுசா இருந்தா உள்ள ஆள் இருக்கான். பழுப்பேறி இருந்தா எப்பவோ தின்னுட்டுப் போயிட்டான். தெனமும் காலையில லென்ஸ எடுத்துக்கிட்டு ஒவ்வொரு அலமாரியா குனிஞ்சு பாக்கணும். பேசறதுக்கு ஆள் கெடயாது. எனக்கும் அது பழகிப்போச்சு.

மருந்தா? அய்யய்யோ, உங்க வீட்டு கரப்பான்பூச்சிக்கு அடிக்கற மாதிரி அங்க அடிச்சா பூச்சியும் போயிடும், சாயமும் போயிடும். கேளுங்க, என்ன ஆச்சுன்னா, போன புதன்கிழமை ஒரு கம்பளிச் சால்வைய வெளிய எடுக்கறேன். நூறு வருஷத்துக்கு மேல. அந்தக் குடும்பத்துப் பாட்டனார் போத்தினது. மடிப்பப் பிரிச்சா, உள்ள சல்லடை. அடியில ரோமம் வெச்ச சின்னச் சின்னத் தோல், புழு உரிச்சுப் போட்டது. லென்ஸே வேண்டியதில்ல, பாத்தவுடனே தெரிஞ்சுது. கார்ப்பெட் பீட்டில்னு சொல்லுவோம். எள்ளு மாதிரி ஒரு வண்டு. கம்பளியத் தின்னறது அதோட புழுதான்.

உடனே சால்வைய பாலித்தீன்ல சுத்தி, காத்த உறிஞ்சி எடுத்து, சீல் வெச்சு, பெரிய ஃப்ரீசர்ல போட்டேன். மைனஸ் இருபது. ரெண்டு வாரம் கெடக்கணும். முட்டை, புழு, வண்டு எல்லாம் காலி. வெளிய எடுத்தாலும் உடனே பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே இருக்கணும், இல்லன்னா ஈரம் கோத்துக்கும். அதெல்லாம் எனக்குக் கை வந்த வேல. பிரச்சனை அது இல்ல.

எப்படி உள்ள வந்துதுன்னு கேக்கறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை. அந்தப் புழுதான் கம்பளி திங்கும். வளந்து வண்டாயிட்டா கம்பளியத் தொடாது. பூந்தாதுதான் திங்கும். ஆமா, பூவுலதான் இருக்கும். பூவோடதான் வரும். உங்க பூவ நான் கொற சொல்லல, எந்தப் பூவுலயும் வரலாம். அதனாலதான் ஸ்டோர் ரூம் வாசல்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கு, பூ, பிரசாதம், சாப்பாடு உள்ளே கொண்டு வரக் கூடாதுன்னு. எழுதினது யாரு? நான்தான். ஸ்கேல் வெச்சு கோடு போட்டு எழுதினேன்.

அந்த ஸ்டோர் ரூம்ல, சால்வை அலமாரிக்குப் பக்கத்துல, ஒரு மரச் சிலை இருக்கு. ஏதோ தேர்லேர்ந்து வந்தது. ஒரு பொம்பள, கொண்டை போட்டு, கண்ணாடி பாத்துட்டு நிப்பா. அவ பின்னால உதயா மேடம் பாத்திருக்காங்க, காஞ்ச பூ. நார், காம்பு, சருகு. மேடம் எங்க க்யூரேட்டர், அங்க இருக்கற பொருளுக்கெல்லாம் அவங்கதான் பொறுப்பு, சின்னப் பொண்ணு, ஆனா கறார். யாரு வெச்சதுன்னு கேட்டாங்க. மொத்தம் ஆறு பேர் வேல செய்யற எடத்துல, தலையில பூ வெக்கறது ஒருத்தர்தான். அங்காளம்மாள்.

பெருக்கித் தொடைக்கறவங்க. பெருங்களத்தூர்லேர்ந்து வர்றாங்க. ஊருக்கு முன்னாடி எந்திரிச்சு முதல் ட்ரெய்ன். உங்க வயசுதான் இருக்கும். எனக்கு அந்தம்மாவத் தெரியும் பேபிம்மா. காலையில கேட்டுக்குள்ள நொழைஞ்ச உடனே தலையில இருக்கற பூவ எடுத்து, வாட்ச்மேன் வெற்றிவேல் ரூம் ஜன்னல்ல ஒரு ஆணி இருக்கு, அதுல மாட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க. சாயந்தரம் வாடிப்போன அதையே எடுத்து வெச்சுக்கிட்டுப் போவாங்க. பூச்சி சார் கோவிச்சுக்குவார்ம்பாங்க. பத்து வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. நான் போட்ட சட்டத்த அந்த மியூசியத்துல மதிச்ச ஒரே ஆளு அவங்கதான்.

திங்கக்கிழமை மேடம் அந்தம்மாவக் கூப்ட்டு வெச்சுக் கேட்டாங்க. சாமி மாதிரி இருக்குன்னு ஆசையில வெச்சிருப்ப, ஒத்துக்கோன்னாங்க. கோடம்பாக்கத்துல வாங்கின சாமி படத்துக்கே பூ வெக்க எனக்கு நேரமில்ல, பொம்மைக்கு ஏன் வெக்கறேன்னு கேட்டாங்க அந்தம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. சார், உங்களுக்குத் தெரியும்ல, நீங்க சொல்லுங்க சார்னாங்க. நான் லென்ஸத் தொடச்சுட்டிருந்தேன். சுத்தமா இருந்த லென்ஸ. அவமானமா இருக்கு இப்ப நெனச்சாலும்.

அன்னிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. நாளைக்கு நான் ரிப்போர்ட் குடுத்தப்புறம் முடிவு பண்ணுவாங்களாம். பூச்சி பூவுல வந்துதுன்னு நான் எழுதினா அவங்க கதை முடிஞ்சுது. பூவுல வரலன்னு எழுதினா பொய். புழுவ வெச்சுக்கிட்டு நான் இதுவரைக்கும் பொய் எழுதினதில்ல. அந்தம்மா வீட்டுக்காரர் படுத்த படுக்கை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

வெச்சது யாருன்னு தெரியுமாவா? தெரியும்.

நான்தான்.

நாரக் கீழ வெச்சுட்டீங்களே. கேளுங்க. நெசமாத்தான் சொல்றேன். வேலியே பயிர மேஞ்ச கதைதான். சாயந்தரம் உங்ககிட்ட வாங்குவேன், ஃப்ரிஜ்ல வெப்பேன், காலையில டிபன் டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போவேன். வெற்றிவேல் அங்காளம்மாள் தலையப் பாப்பான், என் டப்பாவத் தொறந்து பாப்பானா? மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அந்த மரப் பொம்பள கொண்டையில சுத்துவேன். மறுநாள் எடுத்துட்டு வேற. பழச எடுத்துப் போட்டாலும் ஒண்ணு ரெண்டு பின்னால விழுந்திருக்கு. வண்டு வரும்னு எனக்குத் தெரியாதா? மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வெச்சேன். இன்னிக்கு ஒரு நாள்தானேன்னு தெனமும் வெச்சேன்.

இல்ல இல்ல, நாளைக்குச் சொல்லிடுவேன். எழுதி பையில வெச்சிருக்கேன். பூ என்னோடது, அங்காளம்மாளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, கையெழுத்து சாம்பசிவன். ரிடயராக இன்னும் எட்டு மாசம், முன்னாடியே போன்னா போறேன். அதுகூட இல்ல எனக்கு பயம். உதயா மேடம் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு ஒண்ணு கேப்பாங்க, யாருக்கு சார் அந்தப் பூவ வாங்கினீங்கன்னு. அதுக்கு பதில் சொல்ல வாய் வரணுமில்ல. ஒரு தடவ எங்கயாவது சொல்லிப் பாத்துட்டா நாளைக்கு வரும்னு நெனச்சேன். ரெண்டு ட்ரெய்ன் வந்து போயிடுச்சு, நானும் பூச்சி கதையா சொல்லிட்டு நிக்கறேன்.

வீட்ல சண்டையா, பூ வேணாங்கறாங்களான்னா கேக்கறீங்க? அவளா? உங்க பூன்னா அவளுக்கு உசுரு. நெருக்கமாக் கட்டறது பேபி மட்டும்தான்ம்பா.

போன வருஷம் பதினஞ்சு நாள் நான் இந்தப் பக்கம் வரல, ஞாபகம் இருக்கா? அப்புறம் மொத நாள் படி எறங்கறேன், நீங்க ரெண்டு முழம் எடுத்து வெச்சிருந்தீங்க. எங்க சார் ஆளையே காணோம், வீட்ல ஊருக்குப் போயிருந்தாங்களா, நல்லா இருக்காங்களான்னு கேட்டீங்க. நானும் தலைய ஆட்டி வாங்கிட்டேன். வீட்டுக்குப் போனா பூவ எங்க வெக்கறதுன்னு தெரியல. படத்துக்குப் போடலாம், ஆனா நான் இன்னும் படத்த மாட்டவே இல்ல. குப்பையில போட மனசு வரல. மறுநாளும் கேட்டீங்க. அதுக்கு மறுநாளும். உமேஷ் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், சாப்ட்டியாப்பான்னு கேப்பான், அம்மான்னு ஒரு வார்த்த வராது அவன் வாயில. சிட்லபாக்கத்துல எங்க தெருவுல எல்லாரும் என்னைப் பாத்தா பேச்ச நிறுத்திடுவாங்க, பாவமாம்.

அழாதீங்க பேபிம்மா, வாங்க வர்றவங்க என்னமோ ஏதோன்னு பாக்கறாங்க பாருங்க. நாகலக்ஷ்மி போயி பதினாலு மாசம் ஆச்சு. அவ நல்லா இருக்காளான்னு கேக்க ஒரு ஆளாவது இருக்கட்டுமேன்னுதான் உங்ககிட்ட சொல்லாம இருந்தேன்.