மூன்று காலைச் சாம்பிள்

இருபத்திரண்டு வருடமாக நான் பிறர் மலத்தைப் பார்த்துத்தான் சோறு தின்கிறேன், இன்ஸ்பெக்டர். பழகிவிட்டால் நாற்றம் தெரியாது. மலாக்கா ஆயர் குரோ லேபில் இந்தப் பவானேஸ்வரி எழுதிய ரிப்போர்ட் என்றால் டாக்டர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

என் தங்கை தேவிஸ்ரீயின் கணவன் புவனேந்திரனுக்கு லைபீரியாவில் செம்பனைத் தோட்ட வேலை. ஐந்து வருடம் அங்கே இருந்தான். தங்கைக்குப் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஷிப்டு. அவர்கள் மகள் தாரணியை வளர்த்தது நான். அவள் நகத்தைக்கூட நான்தான் வெட்டவேண்டும். இந்த முறை லீவில் வந்தவன் மூச்சிழுப்போடும் உடம்பெல்லாம் அரிப்போடும் வந்தான். திரும்பிப் போக மூன்று டிக்கெட்டும் வாங்கியிருந்தான்.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். இழுப்புக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாம். ஆனால் குடலில் புழு இருந்தால் அது பெருகி நுரையீரல்வரை ஏறிவிடும். முதலில் மூன்று நாள் காலை மலம் பார்க்கவேண்டும்.

“பூச்சி இருந்தா சொல்லிருங்கக்கா. மாத்திரைய போட்டுட்டு பத்தாந்தேதி ஃபிளைட் ஏறணும்லா,” என்றான். தாரணி பக்கத்தில் உட்கார்ந்து தன் சின்னப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையை இழுத்து நகம் வெட்ட உட்கார்ந்தேன். அவன்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

முதல் டப்பாவிலேயே புழுக்குஞ்சுகள் நெளிந்தன. இரண்டு நாள் மாத்திரை போதும். ஆனால் குணமானவன் தாரணியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அதைக் கொட்டிவிட்டு, அவன் பெயர் ஒட்டிய புது டப்பாவில் என்னுடையதை வைத்தேன். மூன்று நாள் காலையும் அப்படியே. மூன்றையும் நிதானமாகப் பார்த்து, ‘புழு தென்படவில்லை’ என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் ரிப்போர்ட் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பதினேழு நாள் ஸ்டீராய்டு தின்றான். கடைசி நாலு நாள் தொண்டையில் குழாய். நான் தினமும் தங்கைக்குச் சோறு கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அவன் சளியில் புழு கண்டார்கள், நீங்கள் வந்தீர்கள். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தாரணி யாரோடும் பேசுவதில்லையாம், சாப்பிடுவதும் இல்லையாம். குழந்தைகள் சாப்பிடாவிட்டால் பெரும்பாலும் பூச்சிதான். அவள் சாம்பிளை மட்டும் வேறு லேபுக்கு அனுப்பாதீர்கள். அங்கே யாரும் என்னைப்போல் அக்கறையாகப் பார்க்கமாட்டார்கள்.