அண்ணன் விற்கும் வேன்

அரியலூரிலிருந்து திருமானூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க அண்ணன் வண்டியில காந்தம் வச்சுப் பாத்தீங்கன்னா, நான் பொறந்த வூட்டோடயே இருந்துக்குவேன்” என்றாள் அவள். நான் நிமிர்ந்தேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். “பழைய வேனும்மா. துரு தின்ன எடத்துல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது. அங்க காந்தம் ஒட்டாது.”

“துருவே இல்லைங்குதே அண்ணன். கூடப் பொறந்தவளையா ஏமாத்தும்?”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஏத்தப் போறோம். நம்ம பாப்பாவும் அதுலதான் போவும். ஓடுறப்ப அடித்தகடு வுட்டுப்போச்சுன்னா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருமானூர் நெருங்கும்போது மெல்லச் சொன்னாள்.

“கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப அந்த வண்டி தண்ணியில நின்னுச்சுங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுச்சு அண்ணன்.”

அவர் முகம் இறுகியது. “அப்ப எறங்கித் திரும்பிடுவோம்.”

“வேணாம். நீங்க வச்சுப் பாத்தா சண்டையாயிடும். குடுங்க, அண்ணன் எதிர்லயே நான் வச்சுப் பாக்குறேன்” என்று அவள் கையை நீட்டினாள்.