சென்னிமலைக்கு நேர்ந்த முடி

— இப்பத்த சனங்களுக்கு வாயி மட்டுந்தான் பிரவீனா, வேறொண்ணும் இல்ல. ‘நான் பொண்ணு’ங்கற பசங்களப் பத்தி ஒரு புத்தகமாம். கண்காட்சி வாசல்ல ஒரு கூட்டம் தடை பண்ணுங்குது. இன்னொண்ணு அதையே பஞ்சாமிர்தமாட்ட வரிசையில நின்னு வாங்குது. படிச்சீங்களான்னு கேட்டேன். ஒருத்தனும் படிக்கல.

— கண்காட்சிக்கு எதுக்குங்க மாமா போனீங்க? இன்னும் தலையில கட்டுன உருமாலையக்கூட அவுக்கல.

— நானெங்க போனேன்? கூட்டத்துல பஸ்ஸு மாட்டிக்கிச்சு.

— நான் படிச்சேனுங்க, ரெண்டு தாட்டி. உங்க பேரன் மிதுனப் பாத்து எழுதுனாப்பலயே இருக்குது.

— எழுதுனவன் நம்மூட்டுல எத்தன நாள் சோறு தின்னான்?

— லொள்ளு பேசாதீங்க. பதினஞ்சு வயசுப் பையன் வர்ஷினின்னு கூப்புடுங்கறான். சேக்காளிகளப் பாத்து ஒட்டிக்கறதாமுங்க. இப்பவே கண்டிச்சா போயிருமாம்.

— மொட்டையடிக்கணும்னும் அதுல போட்டிருக்குதா?

— அது நான் சென்னிமலை முருகனுக்கு நேந்ததுங்க. தோள் வரைக்கும் வளத்துப்போட்டான். சாமிக்குன்னா மறுக்க முடியாதுல்லீங்க?

— அட கெரகமே! நீ சொல்லிக் கேக்கலீன்னு முருகன் கையில கத்தியக் குடுக்கறயா?

— நாளைக்குப் போறோமுங்க. தாய்மாமன் மடியில வெச்சு எடுக்கோணும்னு எங்கண்ணனும் வாராரு.

— அத்தாச்சோட்டுப் பெரிய ஆள மடியில வெச்சா உங்கண்ணன் எந்திரிப்பானா?

— சிரிக்காதீங்க மாமா. நேத்திருந்து கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கறான். சோறு திங்கல. நீங்க சொன்னாக் கேப்பான்.

— நேத்தே சன்னல்ல நின்னு கேட்டேன். மொட்டையடிச்சா இந்த ஊட்டுல இருக்க மாட்டேங்கறான்.

— அப்ப நீங்களும் பொண்ணுன்னு நம்பறீங்களாக்கு?

— நானா? அவஞ்சொல்றதையும் நம்பல, உன்ர புத்தகத்தையும் நம்பல. டிவியில கத்தறானுகளே, அவனுகள எவன் நம்புவான்?

— நேந்ததக் குடுக்கலீன்னா சாமிக்குத்தமுங்க.

— உன்ர புருசனுக்கு அம்மை வாத்தப்ப உன்ர மாமியாளும் இப்பிடித்தான் அவம்முடிய நேந்தா. பள்ளிக்கோடத்துல கேலி பண்ணுவாங்கன்னு அழுதான். அவனுக்குப் பதிலா யாரு மொட்டை போட்டது?

— நீங்கதானுங்க. அதைய எதுக்கு இப்ப... மாமா, உருமாலைய ஏன் அவுக்கறீங்க? அய்யோ, தலை!

— சென்னிமலை பஸ்ஸுலதான் வந்தேன். ஊட்டுல நேந்த முடி, குடுத்தாச்சு. போயிக் கதவத் தட்டிச் சோத்தப் போடு. வர்ஷினி கிர்ஷினியெல்லாம் என்ர வாயில வராது, இப்பவே சொல்லிப்போட்டேன். நான் தோட்டத்துக்குப் போறேன்.