கட்டியாச்சா மச்சான்?

இருட்டும் நேரம்... கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ஒற்றைப் பாதை. வழியில் ஒரு விளக்குக்கூடக் கிடையாது. சிரிக்காமல் கேளுங்கள். நம் டெய்லருடைய பெரியப்பாவுக்கு நடந்தது இது.

அவர் கண்ணாடி வேலைக்காரர். பழைய மாதாகோயிலின் உயரமான வண்ண ஜன்னல்களைக் கழற்றி, புது ஈயம் வைத்து, மறுபடி மாட்டும் வேலை. கூட்டாளி, தங்கை புருஷன். அந்தத் தங்கை புருஷன்தான் சாரத்தில் நின்று, எண்ணெயில் பிசைந்த மக்குப் பசையைக் கண்ணாடி ஓரங்களில் பூசி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். அந்த விரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

கண்ணாடியை மேலே ஏற்றும்போது சாரத்துக் கயிற்றை அவிழ்ப்பார்கள். அவிழ்த்தவர் திரும்பக் கட்டிவிட்டு, "கட்டியாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகுதான் ஆள் ஏறலாம். அன்றைக்குப் பெரியப்பாவுக்கு நல்ல பசி. சாப்பிட்டு வந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, கட்டாமலே குரல் கொடுத்துவிட்டார்.

தங்கை புருஷன் நம்பி ஏறினார்... விழுந்தார். அங்கேயே உயிர் போயிற்று.

"காலையிலயே ஊத்திட்டு வந்திருந்தான்" என்று பெரியப்பா வாய் கூசாமல் சொன்னார். ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனுஷன்! அதன்பிறகு தங்கை தலைநிமிர்ந்து தெருவில் நடக்கவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சை அறுக்கும். ஆனால் உண்மை மட்டும் வாயில் வராது.

கடைசி ஜன்னலைத் தனியாகவே மாட்டி முடித்தார். சாரத்தையும் பிரித்தாயிற்று. கோயிலுக்குள் நின்று கீழ்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெழுகு வாடை... அதோடு பச்சை மக்கின் எண்ணெய் வாடை. உயரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்...

டொக்.

டொக்.

"கட்டியாச்சா மச்சான்?"

குரலில் கோபமே இல்லை. எப்போதும் கேட்கிற மாதிரிதான் கேட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விழுந்தடித்து ஓடினார். கல்லறைப் பாதை முழுக்க அந்த எண்ணெய் வாடை முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"கட்டலம்மா... நான் கட்டவே இல்ல. பொய்யா குரல் குடுத்தேன். உன் புருஷன் குடிக்கலம்மா, நான்தான்..."

நாக்குக் குழறியது. கால் தள்ளாடியது.

"குடிச்சிருக்கியாண்ணே?" என்றாள் அவள்.

அவர் சுவரில் முகம் புதைத்து அழுதார். அப்போதுதான் அவள் அவருடைய சட்டையின் முதுகைப் பார்த்தாள். அதில் கொஞ்சம் மக்கு. கட்டைவிரலால் அழுத்திய தடம். குறுக்கே ஒரு வெட்டு.

தொட்டுப் பார்த்தாள். இன்னும் காயவில்லை.